முன்னால் நடந்தவன்

கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளட்டும். ஆனால் நடந்தது நடந்ததுதான். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே அந்த ஊரில் இன்றைக்கும் போய் விசாரிக்கலாம். ஊரின் பெயரைச் சொல்வதற்கில்லை. அந்தக் குடும்பத்து ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம். கழக ஆட்சி. கீழத்தஞ்சையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூலித் தகராறு. பண்ணையார் குஞ்சிதபாதத்தின் ஊரில் தை அறுவடைக்கு ஒரு ஆள் வயலில் இறங்கவில்லை. கூலியில் அரைப்படி நெல் கூட்டினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று தெருமுனையில் செங்கொடி ஏற்றிவிட்டார்கள். அவரா மசிவார்? வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். போலீஸ் வந்தது, மண்டைகள் உடைந்தன, எப்படியோ நெல் வீடு வந்து சேர்ந்தது. ஆனால் அதற்கப்புறம் மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. மகன் வைரக்கண்ணு சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலையாக இருந்தான். கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வரலாம் என்று, மனைவி தங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு ஆவணியில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்.

சிங்கப்பூர் அவரை மதிக்கவில்லை. சொந்த ஊரில் அவர் தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவன் ஒதுங்கி நிற்பான். இங்கே முதல் நாளே ஒரு சீனக் கிழவி காய்கறிக் கூடையால் அவர் விலாவில் இடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். ரோட்டைக் கடக்க அவர் கையை உயர்த்திக்கொண்டு இறங்கினார். கார்க்காரன் பிரேக் அடித்துத் தலையை நீட்டி ஏதோ சொன்னான். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. தங்கம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இங்க நீங்களும் ஒண்ணுதான், நானும் ஒண்ணுதான்” என்றாள். அவருக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். மகன் வேலைக்குப் போயிருந்தான். கோயிலை விட்டு வெளியே வந்தபோது பகல் இரண்டு மணி. பக்கத்துச் சந்துகளில் சீனர்களின் சந்தை. தோளோடு தோள் உரசும் கூட்டம். கருவாட்டு நாற்றம், எண்ணெய்ச் சட்டிப் புகை, கட்டுக்கட்டாய் எரிகிற ஊதுவத்தி. தங்கம்மாளுக்கு ஏற்கெனவே இழுப்பு நோய். புகை பட்டதும் ஆரம்பித்துவிட்டது.

“என்னங்க... மூச்சு முட்டுது... தண்ணி...”

ஒரு கடை வாசல் தூணில் அவளைச் சாய்த்து உட்கார வைத்தார்.

“இங்கேயே இரு. அசையாதே. சோடா வாங்கிட்டு வந்துடுறேன்.”

சோடா கிடைத்தது. பாட்டிலோடு திரும்பினார். எந்தச் சந்து? எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருந்தது. வரிசையாகத் தூண்கள். எல்லாக் கடைக்கும் பச்சைக் கதவு, சிவப்பு எழுத்து. “தங்கம்!” என்று கத்தினார். நாலு பேர் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒரு போலீஸ்காரனைப் பிடித்து, “என் சம்சாரம்... இழுப்பு!” என்றார். அவன் எந்தப் பக்கமோ கையைக் காட்டினான். ஓடினார். அங்கேயும் தூண்கள்தான்.

அவருக்குப் பயம் வந்துவிட்டது. முப்பது வருஷத் துணை அவள். ஒரு வாய்த் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக்... டக்... டக்...

சிமெண்டுத் தரையில் தடி தட்டுகிற சத்தம். அந்த இரைச்சலிலும் தனியாகக் கேட்டது. டெல்டாவில் வரப்பில் நடக்கிறவர்களுக்கு அது தெரியும். பண்ணையார் களத்துக்குக் கிளம்பினால் ஆள் ஒருவன் தடியால் தட்டிக்கொண்டே முன்னால் போவான். பாம்பு இருந்தால் விலகிவிடும். இருந்து விலகாவிட்டால், முதலில் அவனைத்தான் கடிக்கும்.

கூட்டத்துக்குள் ஒரு கறுத்த முதுகு தெரிந்தது. வெற்றுடம்பு. துண்டை இடுப்பில் கட்டியிருந்தான்.

“ஏய்... நம்ம ஊர்ப் பக்கமா?”

“ஆமாங்க.” திரும்பாமலே சொன்னான்.

“அம்மாவப் பாத்தியா?”

“வாங்கய்யா.”

அவ்வளவுதான். அவர் பின்னால் நடந்தார். வேறு யாராக இருந்தாலும் யார் நீ, உன் பேரென்ன என்று கேட்டிருப்பார்கள். இவர் கேட்கவில்லை. முன்னால் போகிறவனின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பழக்கமே இல்லை. ஆள் கிடைத்துவிட்டான், இனி கவலையில்லை என்று நெஞ்சு லேசாகிவிட்டது. கூட்டம்கூட இப்போது விலகி வழி விட்டது. எங்கே போகிறோம் என்று அவர் பார்க்கவில்லை. அந்த முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

கொஞ்ச தூரம் போனதும் கீழே பார்த்தார்.

நல்ல வெயில். தரை காய்ந்து கிடந்தது. ஆனால் அவன் கால் வைத்த இடமெல்லாம் ஈரம். சேறு. சாக்கடைச் சேறு இல்லை... வயல் சேறு. அந்த வாசனை அவருக்குத் தெரியாதா?

ஒரு சீனப் பையன் அந்தச் சேற்றை மிதித்துக்கொண்டு போனான். அவன் வெள்ளை ஷூவில் ஒரு பொட்டு ஒட்டவில்லை.

“எதுக்குடா தட்டுறே? இங்க ஏது பாம்பு?”

“இருக்குங்க.”

டக்... டக்...

அவன் இடது காலை இழுத்து நடந்தான். முழங்காலுக்குக் கீழே இறுக்கி ஒரு துணி கட்டியிருந்தது. சேலைக் கிழிசல். மஞ்சளில் கட்டம் போட்டது. அதற்குக் கீழே கால் வீங்கி, கறுத்து...

அந்தத் துணியை அவர் பார்த்திருக்கிறார்.

போன தை மாதம். வீரையனைப் பாம்பு கடித்துவிட்டது. இருபது வருஷம் அவருக்கு முன்னால் தட்டிக்கொண்டு நடந்தவன். கொடி ஏற்றியவர்களில் அவனும் ஒருவன். அவன் பெண்சாதி அம்சம் ஓடிவந்து கேட்டில் நின்றாள். சேலை கிழிந்திருந்தது. “ஆஸ்பத்திரிக்கு வண்டி குடுங்கய்யா” என்றாள். கார் வாசலில்தான் நின்றது. “மொதல்ல கொடிக்கம்பத்தப் புடுங்கச் சொல்லு. வண்டி தானா வரும்” என்றார் இவர். “குடுத்துடுங்களேன்” என்று தங்கம்மாள் உள்ளேயிருந்து அழுதாள். அவர் கேட்கவில்லை. அப்புறம் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டைத் தாண்டித்தான் போனார்கள். கட்டிலுக்கு வெளியே ஒரு கால் தொங்கியது. அதில் இந்தத் துணி. ஆற்றுப் பாலம் ஏறுமுன்பே வீரையன் போய்விட்டான்.

ஏழு மாதம் ஆகிறது.

நிற்க நினைத்தார். கால் நிற்கவில்லை.



டக்... டக்... டக்...

திரும்பிவிடாதே. மாரியம்மா... அவன் மட்டும் திரும்பிவிடக் கூடாது.

டக்.

நின்றுவிட்டது.

“வீரையா...” என்றார். அவர் குரலா அது?

“இதுக்கு மேல முடியாதுங்க” என்றான் அவன். “இனிமே வண்டி வேணும்.”

அவ்வளவுதான். அந்த இடத்தில் யாரும் இல்லை. கூட்டம் மறுபடி வந்து அவரை இடித்தது. நிமிர்ந்து பார்த்தார். கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மணி நாலரை. கையில் திறக்காத சோடா.

மகன்தான் வந்து கண்டுபிடித்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். தங்கம்மாளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவள் எங்கேயும் போகவில்லையாம். உட்கார வைத்த தூணிலேயே சாய்ந்து இருந்தாளாம். அந்தக் கடைக்காரன்தான் கடைசியில் போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைத்தானாம். சோடாக் கடையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. இரண்டரை மணி நேரம் நீங்கள் எங்கே போனீர்கள் என்று மகன் கேட்டான். வழி தவறிவிட்டது என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. அங்கேயே எரித்து, காரியம் முடித்து, தனியாகக் கப்பல் ஏறினார்.

ஊர் வந்த மறுநாள் காலையிலிருந்தே துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் போனபிறகு வீரையன் பெண்சாதி அம்சம் வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“அம்மா நல்லவங்க” என்றாள். “நீங்க மூணு தடவ அந்தத் தூணத் தாண்டித்தான் போனீங்களாம். ஒவ்வொரு தடவையும் அம்மா கைய நீட்டிக் கூப்புட்டாங்களாம். நீங்க திரும்பியே பாக்கலையாம்.”

அவர் தலை நிமிர்ந்தது. தூணைப் பற்றி இந்த ஊரில் அவர் மூச்சுவிடவில்லை. மூன்று தடவை என்பது அவருக்கே தெரியாது.

“யாரு... யாரு சொன்னா?”

“அவருதாங்க” என்றாள் அம்சம்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. துக்கம் கேட்டவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பதால், சொல்லாமலே படியிறங்கிப் போனாள்.