தகரம் தட்டாத காலை

அன்று ஏரிக்கரையில் இருந்தது நான்கு பேர்: நான், என் கொழுந்தன், சேலத்திலிருந்து பறவை பார்க்க வந்த டீச்சரம்மா, அவர் வீட்டுக்காரர். ஐப்பசி மழைக்குப் பயந்து படகில் போகிறவர்கள்கூட வரவில்லை.

வாசலூர்பட்டி ஏரி பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். ஏழாவதோடு படிப்பு நின்றது. பறவைகளின் பெயர் தெரியாவிட்டாலும், குளிர் தொடங்கினால் எது எந்தப் பக்கமாக வந்து இறங்கும் என்று தெரியும். போன வருடம் வெளியூர் வாத்துகள் இறங்கியதை டீச்சரம்மாவிடம் சொல்லியிருந்தேன். இந்த வருடமும் அவற்றைப் பார்த்துவிட்டால் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளைக் கூட்டி வருவதாகவும், சாப்பாடு என் கடையில்தான் என்றும் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

காரணம் கொழுந்தனின் காடு. கரையை ஒட்டிச் சாமை முற்றி நின்றது. குருவி விரட்ட விடிந்ததிலிருந்து தகர டப்பாவைத் தட்டுவான். அந்தச் சத்தத்தில் எந்த வாத்து இறங்கும்? ஒரு காலை மட்டும் தட்டாதே, குருவி தின்ற சாமைக்குக் காசு தருகிறேன் என்று கெஞ்சினேன்.

"சரிங்க அண்ணி. ஒம்பது மணிக்கு மேல வரச்சொல்லி குருவிக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றான். அன்று கரையில் வந்து உட்கார்ந்ததும், தன் கை சும்மா இருக்காது என்று டப்பாவையும் குச்சியையும் என் மடியில் வைத்துவிட்டான்.

பனி விலகியது. வானத்தை ஒரு தடவை பார்த்தால் காட்டைப் பத்துத் தடவை பார்த்தேன். மழை வந்துவிடுமோ, கடையில் அடுப்பை அணைத்தேனோ என்று வேறு கவலை. ஏழரை மணி சுமாருக்குச் செம்மேட்டுப் பக்கமிருந்து வாத்துகள் வந்தன. ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றித் தாழ்ந்தன. டீச்சரம்மா கேமராவைத் தூக்கினார். அதே நேரம் தினைக்குருவிக் கூட்டம் சாமையில் விழுந்தது. கதிரெல்லாம் வளைந்தது. ஒரு படி போச்சு, இரண்டு படி போச்சு என்று மனசு எண்ணியது. குச்சியை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. தட்டிக்கொண்டிருந்தேன்.

வாத்துகள் தண்ணீரைத் தொடாமலே எழும்பி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. படம் ஒன்றும் விழவில்லை.

"இத்தன வருசமாத் தட்டறேன் அண்ணி, ஒரு நாளும் இவ்வளவு வேகமாத் தட்டுனதில்லீங்க" என்றான் கொழுந்தன்.

டீச்சரம்மா கோபப்படவில்லை. டீ குடித்துவிட்டு, திரும்ப வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டேன். வேனைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் டீ ஆற்றும்போதெல்லாம் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கையில் ஊற்றிக்கொள்கிறேன்.

கொழுந்தன் காட்டைச் சுற்றிவந்து நானூறு ரூபாய் என்றான். நூற்றைம்பது கொடுத்திருக்கிறேன். பாக்கி இருநூற்றைம்பது.