ரன்வேயில் நெல் காவல்

போன வாரம் வடக்கே டூர் போன என் மகள் செல்வி, நான் அந்தக் காலத்தில் வேலை பார்த்த விமானப்படைத் தளத்தின் மியூசியத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் நசுங்கிய மண்ணெண்ணெய் டின், பக்கத்தில் ஒரு குச்சி. ‘வீரர்கள் ஓய்வு நேரத்தில் வாசித்த இசைக்கருவி’ என்று கீழே அட்டை. குடித்துக்கொண்டிருந்த டீ எனக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது.

எட்டிப் பார்த்த என் மனைவி, “இன்னாங்க, வாத்தியமெல்லாம் வாசிச்சீங்களா? எங்கிட்ட சொல்லவேயில்ல!” என்றாள்.

வாத்தியமாவது கீத்தியமாவது! எங்கள் ஊர் பாகூர்ப் பக்கம் நெற்கதிர் முற்றினால் குருவி விரட்டத் தட்டுவோமே, அதே டின்தான். பத்தொன்பது வயதில் எனக்கு அங்கே கிடைத்த வேலை ரன்வேயில் புறா விரட்டுவது. ஒரு புறா இன்ஜினுக்குள் போனால் போதும், கதை முடிந்தது. ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் ‘விமானப் பாதுகாப்புப் பணி’ என்று போட்டுக்கொள்வேன். பொய்யில்லையே!

மழை விட்ட ஒரு காலை. பஞ்சாப்காரப் பைலட் ஒருவர் எரிபொருள் தீரும் நிலையில் இறங்க வருகிறார். இன்னொரு சுற்று சுற்ற வழியில்லை. ரன்வே முழுக்கப் புறா. எங்கள் ஜீப்போ கிளம்புவேனா என்கிறது. டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாயில் வந்ததைக் கத்தினேன்: “ஏய்! எங்கூட்டு நெல்லுதான் கெடச்சுதா உங்களுக்கு? ஓ... ஓ...”

கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு நெல்மணி கிடையாது, எல்லாம் சிமெண்ட்! ஆனாலும் மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்தது. நான் ஓரத்துப் புல்லில் குப்புற விழ, விமானம் பத்திரமாக இறங்கியது.

பைலட் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். “என்ன மந்திரம் போட்டாய்?” என்று இந்தியில் கேட்டார். அர்த்தம் சொன்னதும் சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர். அடுத்த வாரமே எங்கள் புறா விரட்டும் கூட்டத்தில் தமிழ் தெரியாத அத்தனை பேரும் ‘எங்கூட்டு நெல்லு’ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். இப்போது அங்கே மிஷின்தான் சத்தம் போடுகிறதாம்.

செல்வியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அரை மணியில் திரும்பப் பேசினாள். “மியூசியத்துல அட்டைய மாத்தறோம்னுட்டாங்கப்பா. அந்தப் பைலட்டு அப்புறம் இன்னா ஆனாருன்னு கேக்கறாங்க.”

அவரா! பொங்கலுக்குப் பொங்கல் போன் போட்டு, ஹலோகூடச் சொல்லாமல், “உங்கூட்டு நெல்லு பத்திரமா?” என்று உடைந்த தமிழில் கேட்டுவந்த மனுஷன்.

“பேரப்புள்ளைங்களப் பாத்துட்டு, நல்லா வயசாகி, போன வருஷம் அவரு வூட்டுக் கட்டில்ல தூக்கத்துல போனாருன்னு சொல்லும்மா” என்றேன். வானத்தில் பறந்த மனுஷன் கட்டிலில்தான் போனார் என்று சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

இந்தப் பொங்கலுக்குத்தான் போன் வரவில்லை.