நுரையில் ஏறி வந்த கல்

சனிக்கிழமை காலை 8.50. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் என் தம்பி ரவி ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினான். தாம்பரத்துக்கு ஆளுக்கு இருபது ரூபாய். எங்கள் காலடியில் ஒரு பை. அதில் ஆறு கிலோ கல். கிருஷ்ணகிரிப் பக்கம் அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன மேட்டு நிலத்தில் கிணறு வெட்டியபோது கிடைத்தது. உடைத்தால் உள்ளே மஞ்சளாக மின்னும். தங்கம் என்று ரவி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை. அதை விட்டுவிட்டு நிலத்திலேயே போய் இருக்கப்போகிறேன் என்றும் சொன்னான். நான் பள்ளியில் வரலாறு நடத்துபவள். அவனைத் தனியே விடப் பயந்து கூடப் போனேன்.

கல்லைச் சோதிக்கும் ஆய்வகம் மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோ நூற்றைம்பது.

“இன்னா சார், பைல கல்லா கீது?” என்றார் ஓட்டுநர்.

“ஆமா.”

“முடிச்சூர்ல இல்லாத கல்லா? இம்மாந்தூரம் தூக்கினு வரீங்க.”

ரவி பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான்.

9.45. ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான் ஆய்வகம். நடத்துபவர் ஸ்டெல்லா, பல வருடம் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். உருக்கிச் சோதித்தாலே போதும் என்று போனிலேயே சொல்லியிருந்தார். மிதக்க வைத்துப் பிரிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ரவிதான் பிடிவாதம் பிடித்தான்.

கல்லை மாவாக அரைத்து, ஒரு சிறு தொட்டியில் தண்ணீரோடு கலக்கினார். சில சொட்டு மருந்து விட்டார். ஒன்றில் அழுகிய முட்டைக்கோஸ் வாடை, இன்னொன்றில் பினாயில் வாடை. சுழலி சுற்றியது, அடியிலிருந்து காற்று வந்தது. கனமானது அடியில் தங்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நடந்தது நேர் எதிர். வெறும் மணல் கீழேயே கிடக்க, மின்னும் தூள் நுரையோடு மேலே ஏறி வந்தது.

“தங்கம் கனம்தானே மேடம்? எப்படி மேல வருது?” என்று கேட்டேன்.

“கனம்தாங்க. ஆனா இந்த மருந்து பட்டா சில தாதுங்க மேல தண்ணி ஒட்டாது. காத்துக் குமிழியப் பிடிச்சுக்கும், குமிழி தூக்கிட்டு வந்துடும். மணல் மேல மருந்து பிடிக்காது, அது கீழயே நின்னுடும்.”

புரிந்தது போலத் தலையாட்டினேன். கனத்தைவிடத் தண்ணீர் ஒட்டுவதும் ஒட்டாததும்தான் முக்கியமா? மனது ஏற்கவில்லை.

அவர் நுரையை வழித்துத் தட்டில் சேர்த்தார். பித்தளை நிறம். ரவி அதைப் போனில் படம் எடுத்தான்.

“பாத்தியாக்கா? மிதக்குது.”

“மிதக்குறதெல்லாம் தங்கம் இல்ல சார்,” என்றார் ஸ்டெல்லா. “இரும்பும் கந்தகமும் சேந்த தாதுவும் இப்படித்தான் மின்னும், மிதக்கும். தங்கம் இருந்தா இதோடதான் வந்திருக்கும். உருக்கிட்டுச் சொல்றேன். நாலு மணிக்கு வாங்க.”

மதியம் 1.15. தாம்பரத்தில் சாப்பாடு நூற்றுப்பத்து ரூபாய். ரவி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நிலத்தில் பாதி என்னுடையது என்ற நினைப்பு, சாம்பார் ஊற்றும்போது எனக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் அது போகவில்லை.

4.10. தூளை உருக்கிச் சோதித்த சாம்பல் நிறக் கிண்ணம் ஒன்றையும் ஒரு லென்ஸையும் ஸ்டெல்லா நீட்டினார். கிண்ணத்தின் நடுவே ஊசிமுனை அளவுகூட இல்லாத ஒரு மஞ்சள் புள்ளி.

“அப்ப இருக்கு?” என்றான் ரவி.

“இருக்கு சார். ஆனா எடுக்குற அளவுக்கு இல்ல. ஒரு லாரிக் கல்ல உடைச்சாலும் மூக்குத்திக்குத் தேறாது. நீங்க பாத்த மினுமினுப்பு அந்த இரும்புத் தாது.”

இருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, இல்லை என்று நிம்மதியடைவதா? இரண்டும் கலந்து எதுவும் நிற்கவில்லை.

5.30. தாம்பரம் ரயில் நிலையச் சுரங்கப்பாதையில், கூட்டத்துக்கு நடுவே ரவி நின்றுவிட்டான்.

“அக்கா, நேத்தே ரிசைன் பண்ணிட்டேன்.”

“மீனாவுக்குத் தெரியுமா?” என்றேன், அவன் மனைவியை நினைத்து.

“தெரியாது.”

“வாபஸ் வாங்க முடியாதா?”

“தெரியல. நீதான்க்கா வந்து அவகிட்ட சொல்லணும்.”

ராஜகீழ்ப்பாக்கத்தில் என் தெருவைத் தாண்டி அவனோடு அவன் வீட்டுக்கு நடந்தேன். கோபப்பட நினைத்தேன், மதியம் நான் போட்ட பாதி நிலக் கணக்கு குறுக்கே வந்தது. சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்கூட அமையவில்லை.

“வாங்க அண்ணி,” என்று மீனா கதவைத் திறந்தாள். நான் வாய் திறக்குமுன் ரவியே பேசினான்.

“மீனா, உன்னக் கேக்காம ஒண்ணு பண்ணிட்டேன்.”

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க.”

இருப்பதா, கிளம்புவதா என்று தெரியாமல், செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றேன்.