ஒரு மூட்டைப் பழியும் ஒரு பென்டிரைவும்

பிள்ளைகளா, உங்கள் அப்பனைத் திருடன் என்று சொன்ன கதையை வேறு யார் வாயிலாவது நீங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கியில் நான் எடை போடுகிறவன். மலையிலிருந்து ஜீப்பில் வரும் மூட்டைகளை நிறுத்து உள்ளே அனுப்புவேன். ஒரு நாள் ஒரு மூட்டை குறைந்தது. காய் பொறுக்கும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் மேனேஜர் கத்தினார்: "எடைக்காரன்தான் அமுக்கிட்டான்!"

வாசல் கேமராவில் பதிந்ததை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தார்கள். கேமராப் பெட்டியில் அந்த நாள் படம் அதற்குள் அழிந்துவிட்டது. என் மானம் அந்த விரல் நீளச் சாமானில்தான் இருந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடியது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். கிளார்க் மேனேஜரின் மருமகன். சொருகிப் பார்த்தான், எதுவும் திறக்கவில்லை.

"செத்துப்போச்சு மாமா."

"கேட்டியா? வெரசா ஊரப் பாத்துப் போய்ச் சேரு" என்றார் மேனேஜர் என்னிடம்.

"ஒரு நிமிசம் நான் பாக்குறேண்ணே."

"மூட்ட நிறுக்குறவனுக்குக் கம்ப்யூட்டரா? பட்டன ஒடச்சுராத!"

உங்கள் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பிலும் லினக்ஸ்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பழகியிருந்தேன். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, சின்ன எழுத்தில் எல், எஸ், பி, எல், கே என்று அடித்தேன். கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கும் டிஸ்க்குகளை அது வரிசையாகக் காட்டும். எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று மூன்று வந்தன.

கிளார்க் சிரித்தான். "இதுல பென்டிரைவு எதுண்ணே? மாத்திக் கொடைஞ்சு ஆபீஸ் டிஸ்க்க அழிச்சுராதீக."

எடைக்காரனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். காயோடு சாக்கை நிறு, வெறுஞ்சாக்கை நிறு. எது குறைகிறதோ அதுதான் காய். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு அதையே மறுபடி அடித்தேன். எஸ்டிசி மட்டும் காணோம். சொருகினேன், வந்துவிட்டது. அளவும் பதினாறு ஜிபிக்குச் சற்றுக் குறைவாகச் சரியாக இருந்தது. ஆனால் அது எந்த ஃபோல்டரோடும் இணையாமல் சும்மா கிடந்தது. அதனால்தான் திறக்கவில்லை. இணைப்பதற்குப் பாஸ்வேர்டு கேட்டேன். கிளார்க் முறைத்துக்கொண்டே அடித்துக் கொடுத்தான்.

பென்டிரைவு திறந்து படம் ஓடியது. ஜீப்பிலிருந்து அந்த மூட்டை இறங்கவே இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் அதன் மூலை துருத்திக்கொண்டு தெரிந்தது. "கெளம்பு, கெளம்பு" என்று கைகாட்டி அந்த ஜீப்பை வெளியே அனுப்புகிறவர் மேனேஜரேதான்.

"சரி சரி, போய்ச் சோலியப் பாரு."

"எத்தன பேரு முன்னாடி திருடன்னு சொன்னீக, அத்தன பேரு முன்னாடி இல்லன்னு சொல்லுங்க."

"ரொம்பத் துள்ளாத."

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. பெண்கள் சாப்பிட வெளியே வரும் நேரம். திரையைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தேன்.

மேனேஜர் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். "எடைக்காரன் எடுக்கல" என்றார், தரையைப் பார்த்து. அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

இன்றைக்கும் அங்கேதான் எடை போடுகிறேன். அவருக்கு மட்டும் வணக்கம் வைப்பதில்லை.