வேம்புலி விட்ட காற்று

மண்ணூர்பேட்டையில் வேம்புலி என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். கேஸ் வேம்புலி என்று கேட்டால்தான் நம் ஆளிடம் கொண்டுபோய் விடுவார்கள். ஏசி மெக்கானிக். பட்டப்பெயரைக் கேட்டு இவனுக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்தவர்கள் உண்டு, கோர்ட்டு கேஸ் என்று நினைத்து ஒதுங்கிப் போனவர்களும் உண்டு. உண்மையில் அது தொழிலில் ஒட்டிக்கொண்ட வியாதி. ஏசி குளிரவில்லையா, கேஸ் போயிடுச்சு. தண்ணீர் சொட்டுகிறதா, கேஸ் போயிடுச்சு. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தால்கூட வேம்புலி பால்கனிக்குப் போய் வெளிப்பெட்டியை இரண்டு தட்டு தட்டி, உதட்டைப் பிதுக்கி, "கேஸு சுத்தமா இல்ல சார்" என்பான்.

பிறகு புதுக் கேஸ் அடித்துக் காசு வாங்குவதற்காக, மிச்சமிருக்கிற கேஸைத் திறந்துவிடுவான். புஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் அவன் பிழைப்பே இருந்தது. உள்ளே சோபாவில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் அதைக் கேட்டதும் வேலை நடக்கிறது என்று தலையை ஆட்டிக்கொள்வார். உண்மையில் பாதி வீடுகளில் கேஸ் குறைந்திருக்காது, ஃபில்டரில் அழுக்குத்தான் ஏறியிருக்கும். ஆனால் நம் ஜனங்கள் சாமியே மேளம் அடித்தால்தான் எழுந்தருளுவார் என்று நம்புகிறவர்கள். சத்தம் இல்லாத வேலையை வேலையென்று ஒப்புக்கொள்வார்களா என்ன?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு பயிற்சி வகுப்பு வந்து மண்ணைப் போட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஏசி மெக்கானிக்குகளுக்கு இலவசமாக நடந்தது. மதியச் சாப்பாட்டில் பிரியாணி என்று கேள்விப்பட்டுத்தான் வேம்புலி போனான். வகுப்பெடுத்தவர் சொன்ன ஒரு விஷயம் பிரியாணியைத் தொண்டையில் நிறுத்திவிட்டது. பழைய ஏசியில் இருக்கும் கேஸை ஒரு கிலோ வெளியே விட்டால், ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு கிலோ கரியமில வாயு செய்கிற சூட்டை அது தனியாகச் செய்துவிடுமாம். அதனால்தான் அந்தப் பழைய கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கிறார்களாம். இனிமேல் கேஸை எடுக்க வேண்டியிருந்தால் மிஷின் வைத்து உறிஞ்சி சிலிண்டரில் அடைக்க வேண்டும், காற்றில் விடவே கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி கண்ணம்மாவிடம் சொன்னான். அவர்கள் வீட்டுக்கு சிமெண்ட் ஷீட் கூரை. மே மாதத்தில் உள்ளே அப்பளம் காய வைக்கலாம். கண்ணம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அப்போ ஊருக்கெல்லாம் குளுர வெச்சிக்கினு, நம்ப ஊட்ட வேக வெச்சது நீதானா?"

"நான் ஒருத்தனா வெச்சேன்? எல்லாருந்தான் வுட்டாங்க."

"எல்லாரையும் நான் கட்டிக்கல. உன்னத்தான கட்டிக்கினேன்."

வேம்புலி உண்மையாகவே வெட்கப்பட்டான். இனி ஒரு சொட்டுக் கேஸையும் காற்றில் விடுவதில்லை, போகாத கேஸைப் போய்விட்டது என்று சொல்வதுமில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அடி கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டதால் இரண்டு வசவும் கிடைத்தது.

நல்லவனாக மாறுவது சுலபம். மாறியவனை ஊர் நம்ப வேண்டுமே! அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. வேம்புலிக்குச் சோறு போடுவதே அதுதான். அத்தனை வீட்டு ஏசிக்கும் வருட சர்வீஸ் அவன் பொறுப்பு. அங்கே குடியிருக்கிறவர்கள் பெரும்பாலும் கரூர், தேனி, திருநெல்வேலி என்று எங்கிருந்தோ வந்து ஐடியில் வேலை பார்ப்பவர்கள். அதில் தங்கராஜ் என்பவர் வீட்டில்தான் முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தான்.

"கேஸு ஃபுல்லா கீது சார். ஃபில்டரு, வெளிப்பெட்டி ரெண்டுலயும் ஒரே அழுக்கு. கழுவிட்டேன். பதினெட்டுல வெக்காத சார், இருவத்தாறுல வெச்சி ஃபேன் போடு. குளுரும், கரண்டும் கம்மியாவும்."

தங்கராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா, கேஸ் ஸ்டாக் இல்லையா? அதைச் சொல்லு. சும்மா தண்ணி ஊத்திக் கழுவிட்டுப் போறதுக்கு நீ எதுக்கு?"

மறு வாரமே குடியிருப்பில் ஜம்புலிங்கம் என்ற இன்னொரு மெக்கானிக்கின் பெயர் அடிபட்டது. அவன் புஸ்ஸென்று விட்டால் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்குமாம். வேம்புலியின் சோற்றில் மண் விழுவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஜம்புலிங்கம் அத்தனை வீட்டுக் கேஸையும் வானத்துக்கு அனுப்பிவைப்பானே!

வேம்புலி யோசித்தான். தன் ஸ்கூட்டருக்கு வாங்கி வைத்திருந்த டியூபுக்குக் காற்றடித்துக் கருவிப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த வீட்டில் ஃபில்டரைக் கழுவினான், வெளிப்பெட்டியைக் கழுவினான், பிறகு பால்கனியில் குந்தி, பைக்குள் கையை விட்டு, டியூபின் வால்வில் இருக்கும் முள்ளை அழுத்தினான். புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

"சூப்பர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவன் கேஸ் அடித்தேன் என்று வாய் திறந்து சொல்லவில்லை. கேஸுக்கென்று ஒரு பைசாவும் வாங்கவில்லை. டியூப் மட்டும்தான் பொய் பேசியது. சர்வீஸ் காசுக்குள்ளேயே கேஸும் அடித்துத் தருகிற தங்கமான மனிதன் என்று குடியிருப்பில் அவன் பெயர் ஓங்கிவிட்டது. தங்கராஜே தேடி வந்து தோளில் கை போட்டுத் தன் வீட்டுக்கும் கூட்டிப்போனார். ஜம்புலிங்கம் வந்த வழியே போனான். அந்தக் கோடை முழுக்க வேம்புலி சம்பாதித்ததில் ஒரு பங்கு டியூபுக்குக் காற்றடிக்கவே போனது என்று கண்ணம்மா சொல்லிச் சிரிப்பாள்.

கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். தங்கராஜுக்குப் பக்கத்து வீட்டில் பவ்யா என்று ஒரு பெண் இருந்தாள். திருநெல்வேலிக்காரி, மென்பொருள் வேலை, துணிப்பை இல்லாமல் கடைக்குப் போகாதவள். புவி சூடாவதைப் பற்றி லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் ஒரு சொற்பொழிவு முடித்துவிடுவாள். அவள் அந்தப் புஸ்ஸைத் தன் பால்கனியிலிருந்தே போனில் பதிவு செய்து, குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். "நம்ம மெக்கானிக் வீடு வீடா கேஸைக் காத்துல விடறார். இவரை உடனே மாத்தணும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். செயலாளர் டேவிட் சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையோடே உட்கார்ந்திருந்தார். பவ்யாவின் போன் எல்லோருக்கும் முன்னால் புஸ்ஸ்ஸ்ஸ் என்றது.

"இது உங்க சத்தம்தானே வேம்புலி? கேஸை வெளியே விட்டீங்கன்னா இந்த மாசத்தோட உங்க சர்வீஸ் முடிஞ்சுது. சொல்லுங்க" என்றார் டேவிட்.

வேம்புலி இருதலைக்கொள்ளி எறும்பானான். ஆமாம் என்றால் காற்றைக் கெடுத்தவன் என்று துரத்துவார்கள். இல்லையென்றால் டியூபைக் காட்ட வேண்டும், டபாய்த்தவன் என்று துரத்துவார்கள். கண்ணம்மாவின் தலையில் அடித்த சத்தியம் ஞாபகம் வந்தது. சாப்பாடு போனாலும் போகட்டும், செய்யாத பாவத்தை ஏன் சுமப்பது என்று பைக்குள்ளிருந்து டியூபை எடுத்து வைத்தான்.

"இத்தான் சார் அந்தக் கேஸு" என்று முள்ளை அழுத்தினான். புஸ்ஸ்ஸ்ஸ். போனில் கேட்ட அதே சத்தம்.

தங்கராஜுக்குத்தான் முதலில் உறைத்தது. "யோவ்! அப்ப எங்க வீட்டுல ரெண்டு தடவை அடிச்சது?"

"ஸ்கூட்டரு காத்து சார்."

"எங்க வீட்டுல அப்புறம் நல்லாக் குளுந்துச்சேய்யா! கரண்டு பில்லுகூடக் குறைஞ்சுதே!"

"அழுக்கெடுத்தேன், குளுந்துது. நீ இருவத்தாறுல வெச்ச, பில்லு கொறஞ்சுது. கேஸு ஃபுல்லா கீதுன்னு சொன்னப்ப நீ நம்பல. இன்னா பண்றது சார்? இத்த அழுத்தினாத்தான் நம்புற."

டேவிட்தான் முதலில் சிரித்தார். பிறகு கூட்டம் முழுக்கச் சிரித்தது, தங்கராஜ் மட்டும் அரை மனதோடு. பவ்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது, இருந்தாலும் மன்னிப்புக் கேட்டாள். சர்வீஸ் வேம்புலியிடமே இருக்கும், பழைய ஏசிகளை மாற்றும்போது கேஸை உறிஞ்சி எடுக்கும் பொறுப்பும் அவனுக்கே என்று முடிவானது. ஒரே ஒரு நிபந்தனை விதித்தார் டேவிட். "இனி இந்தக் காம்பவுண்டுக்குள்ள அந்தச் சத்தத்தை நீங்க எழுப்பக் கூடாது. எழுப்பினீங்க, அன்னைக்கே கணக்கு முடிஞ்சுது." வேம்புலி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இந்தத் தடவை தன் தலையில்.

மறு மாதம் பவ்யா வீட்டு ஏசி. அவளுடைய அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தாள். வேம்புலி ஃபில்டரைக் கழுவி, வெளிப்பெட்டியைக் கழுவி, இருபத்தாறில் வைத்து, ஃபேனையும் போட்டுவிட்டுப் பையைக் கட்டினான். பவ்யா அவனைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அண்ணா, அம்மா நம்பவே மாட்டேங்கிறாங்க. ஊர்ல ஏசிக்காரர் வந்தா தெருவுக்கே சத்தம் கேக்குமாம். நீங்க ஏமாத்திட்டீங்கன்னு காலையிலேருந்து ஒரே பேச்சு. எனக்குத் தலைவலியே வந்துருச்சு." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அந்த டியூப்... கையில இருக்கா?"

வேம்புலி அவளைப் பார்த்தான். சிரிப்பை அடக்கியதில் அவன் மீசை துடித்தது.

"கீது மேடம். ஆனா நான் அழுத்தக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்கீறேன். பேஜாராப் பூடும்." பையைத் திறந்து டியூபை அவள் கையில் கொடுத்தான். "நீ பண்ணலியே."

பவ்யா இருபுறமும் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு முள்ளை அழுத்தினாள். புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

"ஆங்! இப்பந்தாம்ட்டி குளுருது" என்றாள் உள்ளேயிருந்து அம்மா.

கீழே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த டேவிட் குழாயைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். "வேம்புலீ!"

வேம்புலி பால்கனிக் கம்பியில் சாய்ந்து, வெறும் கை இரண்டையும் நன்றாகத் தெரியும்படி தூக்கிக் காட்டினான்.

"நான் இல்ல சார். மேடம் வுட்டாங்க!"