காய்ச்சிக் குடுத்த தண்ணி

ஓடையிலயும் ஆத்துலயும் தண்ணி மொண்டு, அதுல கிருமி இருக்குதான்னு பாக்கறதுதான் நம்ம பொழப்பு. இல்லன்னு சொன்னா 'இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க'ன்னு கேப்பாங்க. இருக்குதுன்னா, என்னமோ நாமளே கொண்டாந்து போட்ட மாதிரி முறைப்பாங்க. ஊர் ஊரா ஏறி இறங்கற வேலை பாக்கறவங்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

முதல் பாட்டில்

கல்வராயன் மலையில ஒரு சின்ன ஊரு. இருபது வூடு, எல்லாத்துக்கும் ஒரே ஓடை. அங்க மல்லிகான்னு ஒரு பொண்ணு. அதோட ஒரு வயசுப் புள்ளைக்கு மழை ஆரம்பிச்சதுலேர்ந்து மூணு தடவை வயித்தால போயி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கும் மலைக்குமா அலைஞ்சிக்கினு இருந்துச்சு. "டெஸ்ட்டுக்கு உங்க வூட்டுத் தண்ணி கொஞ்சம் குடும்மா"ன்னேன். உள்ள போன பொண்ணு ரொம்ப நேரம் வரல. அப்புறம் பளபளன்னு வெளக்கின சொம்புல கொண்டாந்து குடுத்துச்சு. கிருமியக் காட்டற மருந்து போட்ட பாட்டில்ல ஊத்தி எடுத்துக்கினு வந்தேன். கிருமி இருந்தா ரெண்டு நாள்ல கறுக்கணும். கறுக்கவே இல்ல.

தண்ணி சுத்தம்னா புள்ளைக்கு எதனாலன்னு மண்டையப் பிச்சிக்கினு மறுபடி மலையேறினேன். மல்லிகா சாதாரணமாச் சொல்லுச்சு: "ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கீங்க. ஓடைத் தண்ணிய அப்படியேவா குடுப்பாங்க? காய்ச்சி, ஆறவெச்சு, வடிகட்டித்தாங்க குடுத்தேன்."

கறுத்த பாட்டில்

இந்த வாட்டி யாரையும் நம்பல. நானே ஓடையில இறங்கி மொண்டேன். மறுநாளே டிகாஷன் மாதிரி கறுத்துப் போச்சு. கொண்டு போய் ஊர்க்காரங்ககிட்ட காட்டினேன். மல்லிகாவோட மாமனார் பெருமாள், பதினோரு மாடு வெச்சிருக்கிறவரு, பாட்டில வெயில்ல தூக்கிப் புடிச்சுப் பாத்தாரு. அப்புறம் ஓடையப் பாத்தாரு. அடியில கிடக்கிற கூழாங்கல்லைக்கூட எண்ணிடலாம், அவ்ளோ தெளிவு. "நீங்க மருந்து போட்டீங்க, கறுத்துச்சு. நாங்க மருந்து போடாம குடிக்கிறோம், வெள்ளையாத்தானங்க இருக்குது?"

சாமைக்குள்ள ரெண்டு பாட்டில்

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. ஆனா எங்கேர்ந்துதான் கலக்குதுன்னு பாத்துடணும்னு ஒரு அரிப்பும் கூடவே வந்துச்சு. பெருமாளையே கூட்டிக்கினு ஊத்து வரைக்கும் ஏறினேன். வழியில ஓடையை ஒட்டினாப்பல அவரோட மாட்டுப்பட்டி. மழை பேஞ்சா சாணி மொத்தமும் நேரா ஓடையிலதான் இறங்கும். பட்டிக்கு மேல ஒரு பாட்டில், கீழ ஒரு பாட்டில், அவர் கையாலேயே மொள்ள வெச்சேன். "குளுர்ல வெச்சா சரியா காட்டாது, கதகதப்பா வெச்சிக்கோங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். மனுஷன் ரெண்டையும் வூட்டுல இருந்த சாமைக் குவியல்ல பொதைச்சு வெச்சு, வேளைக்கொரு தரம் எடுத்து எடுத்துப் பாத்திருக்காரு.

மூணாம் நாள் போனா பட்டி அங்க இல்ல. மூங்கில் முள்ளு அத்தனையும் பிடுங்கி, மேட்டுக்கு அந்தாண்ட சரிவுல கட்டிக்கினு இருந்தாரு. "கீழ மொண்டது கறுத்துச்சுங்களா?"ன்னு கேட்டேன். நிமிர்ந்துகூடப் பாக்கல. "மாட்டுக்கு இன்னாங்க தெரியும்? பட்டிய அங்க கட்டினது நான்தான."

அடுப்பங்கரை

பட்டி போனா எல்லாம் சரியாயிடும்னு நானும் நம்பினேன். அடுத்த மழைக்கு மொண்டு பாத்தா, ஒரே நாள்ல கறுத்தது இப்ப ரெண்டு நாள் எடுத்துச்சு, அவ்ளோதான். ஆடு இருக்குது, காட்டுப் பக்கம் ஒதுங்கற மனுஷங்க இருக்காங்க. அதெல்லாம் ஒரே மூச்சுல தீருமா? புள்ளைக்காவது காய்ச்சிக் குடுன்னு சொல்லலாம்னு மல்லிகா வூட்டுக்குப் போனேன். அடுப்புல தண்ணி ஏற்கனவே கொதிச்சிக்கினு இருந்துச்சு. புள்ள செவுத்தைப் புடிச்சிக்கினு நடந்துக்கினு இருந்துச்சு.

"இந்த மழைக்கு ஆஸ்பத்திரி பக்கம் போவலங்க"ன்னு சொல்லிட்டு, அடுப்புல வெறகை உள்ள தள்ளுச்சு. அப்புறம் சொல்லுச்சு: "வந்துட்டுப் போற உங்களுக்குக் காய்ச்சணும்னு தோணுச்சு. எம்புள்ளைக்குத் தோணலையேங்க."

மொதல் நாளே பதிலை சொம்புல ஊத்தி கையில குடுத்திருக்காங்க, அது தெரியாம ஒரு மழைக்காலம் பூரா மலையேறிக் கேள்வி கேட்டுக்கினு இருந்தவன் நான்.