காலியிடம் என்று எழுதியவன்

காலையில் பேப்பரைப் பிரித்தபோது வழவழவென்று ஒரு நோட்டீஸ் மடியில் விழுந்தது. 'பரளச்சி ரோட்டில் காலிமனைகள்' என்று கொட்டை எழுத்து. கீழே பச்சைப் புல், அதன்மேல் சிரித்துக்கொண்டு ஒரு குடும்பம். பரளச்சிப் பக்கம் அப்படி ஒரு புல்லை நான் பார்த்ததே இல்லை. அது கிடக்கட்டும். 'காலி' என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் நோட்டீஸைக் கவிழ்த்து வைத்தேன். "என்ன மாமா, மூஞ்சி மாறுது?" என்று மருமகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் நான் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். பதிவு ஆபீசுக்கு எதிரே ஒரு வேப்பமரம், அதன் அடியில் சாய்வு மேஜை, மசிக்கூடு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர் எடுத்திருந்தேன். 'மேற்படி', 'சகிதம்' என்று இழுத்து வாசிக்கும்போது எனக்கே மெய்சிலிர்க்கும். இருபத்து நாலு வயசுக் கிறுக்கு, வேறென்ன.

நான் நெசவுத் தெருவில் பிறந்தவன். அங்கே வீட்டைச் சுற்றி இடம் என்ற பேச்சே கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். தறிக்குப் பாவு நூல் நீட்டக்கூடத் தெருவுக்குத்தான் வர வேண்டும். பின்னால் பாத்திரம் கழுவ ஒரு சாண் இடம் இருந்தால் அதற்குப் புழக்கடை என்று பெரிய பெயர் வைத்துக்கொள்வோம். வளவு என்றால் எங்களுக்கு வரிசையாக எட்டுப் பத்து வாடகை அறைகளும் நடுவில் ஒரு குழாயும். கிராமத்தில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. வீட்டைச் சுற்றி உடைமுள் வேலி போட்டு அடைத்த இடம்தான் அவர்களுக்கு வளவு. இதைத் தெரிந்துகொள்ள நான் ஒருத்தியின் குடியைக் கெடுக்க வேண்டியிருந்தது.

பேச்சியம்மாள் பரளச்சிப் பக்கத்திலிருந்து வந்தார். நாற்பது வயசிருக்கும், புருஷன் இல்லை. மகள் கல்யாணத்துக்காக ஓட்டு வீட்டை அதே ஊர்ப் பருத்தி வியாபாரிக்குக் கொடுக்கிறார். வியாபாரியும் கூடவே வந்திருந்தார்.

"வீட்ட எழுதுங்க தம்பி. எனக்கு வளவு இருக்கு, அதுல இருந்துக்கிருவேன்."

பாவம், போவதற்கு ஒரு வாடகை அறையாவது இருக்கிறதே என்று எனக்கு மனசு லேசாகிவிட்டது. வியாபாரி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை. நான் வழக்கமாக எழுதுகிற வரியை எழுதினேன்: 'மேற்படி வீடும், அடிமனையும், அதைச் சேர்ந்த காலியிடமும் சகிதம்.' ராகம் போட்டு வாசித்தும் காட்டினேன்.

"சரிதானேக்கா?"

"நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

ரேகை வைத்துவிட்டு, விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு போனார்.

மகள் கல்யாணம் முடிந்த கையோடு திரும்பி வந்தார். வளவுக்குள் குடிசை போட ஊன்றிய கம்புகளை வியாபாரியின் ஆட்கள் பிடுங்கி எறிந்துவிட்டார்களாம்.

"வளவும் அவுகளுக்காமே தம்பி? நீங்க அப்பிடி எழுதலேல்ல?"

நகலை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தேன். "வாசிச்சனேக்கா... காலியிடம்னு..."

"காலியெடம்னா வேற எந்த எடமோன்னுல்ல இருந்தேன்! அங்க முருங்க நிக்குது. ஆடு கட்டிக் கெடக்கு. மூணு மாசத்துல போன எம்பயல, சுடுகாட்டுக்கு அனுப்ப மனசு வராம வேலியோரம் பொதச்சு வச்சிருக்கேன். அது எப்பிடிய்யா காலியெடமாகும்?"

அன்றைக்கே சைக்கிளை மிதித்துக்கொண்டு வியாபாரியிடம் போனேன். தப்பு என்னுடையது, திருத்தல் பத்திரம் போட்டுவிடலாம், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"எழுதுனது நீங்க. வாசிச்சதும் நீங்க. ரேக வச்சது அவுக. இதுல நான் என்ன தம்பி செஞ்சேன்?"

"வளவுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்லண்ணாச்சி?"

"தெரியும். நீங்க கேக்கலையே."

அவரைத் திட்டிக்கொண்டே இவ்வளவு வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் பேச்சியம்மாளை ஒரு வக்கீலிடம் நான் கூட்டிப் போயிருக்கலாம். தப்பு என்னுடையதுதான் என்று கூண்டில் ஏறிச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. முத்து முத்தான கையெழுத்துக்காரன் என்ற பெயர் போய்விடுமே என்று பயந்தேன். கேவலம், அந்தப் பெயருக்காக.

நாலைந்து வருஷம் கழித்து எங்கள் தெரு முக்கிலேயே பேச்சியம்மாளைப் பார்த்தேன். கையில் நூல் கண்டுகள். தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாராம். ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன், அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"எங்கக்கா இருக்கீக?"

"வளவுலதான் தம்பி."

கையைக் காட்டினார். எட்டு அறை, ஒரு குழாய். குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. நான் காதில் வாங்கிக்கொண்ட அர்த்தத்துக்கே கடைசியில் அவர் குடிவந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது அந்த எட்டு அறையும் இல்லை, அங்கே செல்போன் கடை இருக்கிறது. பேச்சியம்மாளும் இல்லை. வளவு என்ற சொல்லை இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் சொல்வதில்லை, காம்பவுண்டு என்கிறார்கள். பரளச்சியில் அந்த இடம் நாலைந்து கை மாறிவிட்டதாகக் கேள்வி. பத்திரத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதுப் பத்திரம் எழுதுகிறவன் பழைய பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு, சொத்து விவரத்தை ஓர் எழுத்து பிசகாமல் அப்படியே பார்த்து எழுதுவான். முருங்கை போயிருக்கும், வேலி போயிருக்கும், வேலியோரம் கிடக்கிற பிள்ளையைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். என்னுடைய அந்த ஒரு வரி மட்டும் அழியாமல் கைமாறிக்கொண்டே போகிறது: அதைச் சேர்ந்த காலியிடமும் சகிதம்.